காலகேயனுக்கு ஒரு மொழி, மலையமானுக்கு ஒரு மொழி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் அளித்தவற்றை எல்லாம் கல்லில் வெட்டச் சொல்லும் ராஜராஜன், 'நாம் குடுத்தன' என்கிறான். தமக்கை குந்தவை அளித்தவை 'அக்கன் குடுத்தன'. கொடுத்தவை அல்ல, குடுத்தவை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பாக்கிச் சில்லறைக்காக நடத்துநரிடம் மல்லுக்கு நிற்பவர் வாயில் இன்றைக்கும் அந்த உகரம்தான் வருகிறது. ஆனால் நாவலிலோ சினிமாவிலோ ஒரு சோழ மன்னன் 'குடுத்தேன்' என்று சொல்லிவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார், திரையரங்கில் சிரிப்பு எழும். ராஜராஜன் ராஜராஜனைப் போலப் பேசக் கூடாது.

இந்த ராஜராஜன் எங்கள் பக்கத்துப் பெண்வழிப் பேரன். அவன் தாய் வானவன் மாதேவி திருக்கோவலூர் மலையமான் குலத்தில் பிறந்தவள். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது குழந்தையை விட்டுவிட்டுத் தீப்புகுந்தவள் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பாரி மகளிரைக் கரை சேர்த்துவிட்டுக் கபிலர் தீப்பாய்ந்ததையும் அதே கல்வெட்டு பேசுகிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரித்துக் கள்ளக்குறிச்சி மாவட்டம் உண்டானபோது அந்தத் திருக்கோவலூர், இன்றைய திருக்கோவிலூர், இதற்குள் வந்தது. அந்த வகையில் தமிழின் மிகப் புகழ்பெற்ற வெகுஜன நாவலில் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் பாத்திரமாக நடமாடுகிறார். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனின் பாட்டனாராக வரும் கிழவர் திருக்கோவலூர் மலையமான்தான். மணிரத்னத்தின் படத்தில் அந்த வேடத்தை ஏற்றவர் மலையாள நடிகர் லால். மலையமானுக்கு மலையாளி! இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

நாவலில் மலையமான் எந்தத் தமிழில் பேசுகிறார்? பத்தாம் நூற்றாண்டுத் தமிழில் இல்லை. கல்கியின் பாத்திரங்களுடைய வினைமுற்றுகளையும் இடைச்சொற்களையும் தனியே எடுத்துப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வாரப் பத்திரிகை எழுதிய உரைநடைதான் கிடைக்கும். பழமை தங்கியிருப்பது விளிச்சொற்களில், சபதங்களில், ஆயுதங்களின் பெயர்களில், கொஞ்சம் வாக்கியத்தின் நிமிர்வில். ஓடக்காரப் பெண் பூங்குழலியும் இளவரசி குந்தவையும் ஏறக்குறைய ஒரே இலக்கணத்தில் பேசிக்கொள்கிறார்கள். கல்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவரும் எக்காலத்திலும் பேசியிராத ஒரு தமிழை, இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று இரண்டு மூன்று தலைமுறைகளை நம்பவைத்தது அபாரமான மொழிவேலை. அதற்குப் புனைமொழி என்று பெயர் வைக்க மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

சினிமாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1942இல் வந்த 'கண்ணகி'க்கு இளங்கோவன் எழுதிய வசனத்தோடு அரசவைத் தமிழ் ஒரு தனி வார்ப்புக்குள் போயிற்று. 1954இல் 'மனோகரா'வில் மு. கருணாநிதி அதை அடுக்குமொழியாக முடுக்கிவிட்டார். சொல் முழுதாக ஒலிக்க வேண்டும், விகுதி தேயக் கூடாது, எதுகையும் மோனையும் வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும், மூச்சு முட்டும் இடத்தில்தான் முற்றுப்புள்ளி. ஒரு மொழிக்கு இருப்பதுபோலவே இதற்கும் விதிகள் உண்டு, பிழைகளும் உண்டு. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தபோது சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் வசனத்தைச் சிவாஜி பேசி, அதைத் தமிழ்நாடே மனப்பாடம் செய்தது. கட்டபொம்மன் பிறந்த கம்பளத்து நாயக்கர் குலத்தின் வீட்டுமொழி தெலுங்கு. படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறுத்தியிருக்கும்? நாயகன் பேசும் புனைமொழி நமக்கு நம்முடைய மொழியாகவே கேட்கிறது.

எதிரிக்கு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. 2015 ஜூலையில் வந்த 'பாகுபலி'யின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை உண்டாக்கினார். சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று அப்போது சொல்லப்பட்டது. இந்திய வெகுஜன சினிமாவில் இவ்வளவு சிரத்தையோடு ஒரு மொழி செய்யப்பட்டதற்கு முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. அதன் வித்து ஒரு விளையாட்டு. கார்க்கி ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராக இருந்தபோது அங்கே குழந்தைகளுக்காகச் செய்துவைத்திருந்த சிறு மொழிதான் பின்னால் போர்க்களத்துக்கு வந்தது. 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. ஒலிகளைத் திருப்பிப் போட்டால் ஆள் மாறிவிடுகிறது. இயற்கை மொழிகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. சொல்லுக்கும் அதன் பொருளுக்குமான காரணம் பார்த்த உடனே விளங்கிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். புனைமொழி செய்பவருக்கோ அந்தக் காரணத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கப் பிறந்த மொழிக்கு அது பொருத்தமான குணம்தான்.

என் மனம் ஒப்பாதது வேறொன்றில். கறுப்புச் சாயம் பூசிய உடம்புகள், சொடுக்கும் நாக்குகள், தொண்டையில் உருளும் மெய்யெழுத்துகள் என்று இந்த மொழி யாருடைய வாயில் வைக்கப்பட்டது? படத்தில் காலகேயர் பேசுவதெல்லாம் பாசறையிலும் போர் முனையிலும்தான். ஒரு தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதையோ, இரண்டு பேர் பங்கு பிரிப்பதில் சண்டை போடுவதையோ, கிழவர் ஒருவர் முழங்கால் வலியைச் சொல்லிப் புலம்புவதையோ நாம் கேட்கவில்லை. இலக்கணம் 40 விதிகளோடு கிடைத்தது, வாழ்க்கை கிடைக்கவில்லை. பிறகு 2020 பிப்ரவரியில், தாய்மொழி நாளை ஒட்டிக் கிளிக்கிக்கு இணையதளம் திறந்தார்கள். சொற்களைப் பெருக்கினார்கள், எழுத்துரு வந்தது. யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்ற நிலைக்கு மொழி போய்விட்டது. காலகேயர்கள் மட்டும் செத்தது செத்ததுதான்.

அமெரிக்கப் புனைவிலும் ஏறத்தாழ இதே கதைதான். 'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் பூமிக்காரர்களின் எதிரிகளான கிளிங்கான்களுக்கு 1984ஆம் ஆண்டுப் படத்துக்காக மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் முழு மொழி அமைத்தார். மறு ஆண்டே அகராதி வந்தது. ஆங்கிலக் காதுக்கு எது அந்நியமோ அதையெல்லாம் தேடிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். இங்கேதான் தமிழ் வாசகனுக்கு வேடிக்கை. கிளிங்கானில் ஒரு டகரம் உண்டு. நாக்கை மடித்து அண்ணத்தில் தட்டும் ஒலி. வேற்றுக் கிரகத்து உறுமலாக அமெரிக்க ரசிகர்கள் கண்ணாடி முன் நின்று பழகும் அந்த ஒலியை நம் வீட்டுக் குழந்தை 'வண்டி' என்று சொல்லும்போதே கற்றுக்கொண்டுவிடுகிறது. வினையடியின் பின்னால் ஒன்பது வகை விகுதிகள் வரிசை பிசகாமல் ஒட்டிக்கொண்டு போகும் என்கிறார்கள். 'வரவழைக்கப்பட்டிருந்தவர்களுக்காக' என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்களுக்கு இதில் மிரள என்ன இருக்கிறது? ஆங்கிலத்துக்குத் தவிர்க்க முடியாத 'இருக்கிறேன், இருக்கிறான்' வகை இணைப்பு வினை கிளிங்கானில் கிடையாது. 'அவர் வாத்தியார்' என்பதோடு நாமும் நிறுத்திக்கொள்கிறோம். செயப்படுபொருள் முதலில், வினை அடுத்து, எழுவாய் கடைசியில் என்ற அதன் சொல்வரிசை உலக மொழிகளில் அபூர்வம் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. 'தோசையைத் தின்னுட்டான் பையன்' என்று ஒரு தாய் அடுப்படியிலிருந்து சொன்னால் நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நமக்கு அது எப்போதாவது வரும் வரிசை, கிளிங்கானுக்கு அதுவே விதி, அவ்வளவுதான்.

ஆக, அந்நியத்தை அளக்கும் கோல் யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒக்ராண்டின் கோல் கலிபோர்னியாவில் இருந்தது. கிளிக்கியின் கோல் தெலுங்கும் தமிழும் பேசும் சமவெளியில் இருந்தது.

கிளிங்கான் இலக்கணத்தில் என்னை நிறுத்திவைத்த இன்னொரு விதி உண்டு. பன்மை விகுதி மூன்று வகை. பேசத் தெரிந்த உயிர்களுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் உருப்போட்டவர்களுக்கு இது பழகிய வழி. ஒரு வித்தியாசம் உண்டு. நம் இலக்கணத்தில் மக்களாகக் கருதப்படுவதே உயர்திணைக்குத் தகுதி. கிளிங்கானில் மொழி இருந்தாலே போதும். அந்த அளவில் எதிரியின் இலக்கணம் நம்முடையதைவிடத் தாராளமானது.

ஒக்ராண்ட் முனைவர் பட்டத்துக்கு எழுதியது கிளிங்கானைப் பற்றி அல்ல. கலிபோர்னியப் பழங்குடிகளில் ஒரு பிரிவினரின் முட்சுன் மொழியின் இலக்கணத்தை 1977இல் பெர்க்லியில் ஆய்வேடாகத் தந்தார். அந்த மொழியைக் கடைசியாக நன்றாகப் பேசத் தெரிந்திருந்த அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் இறந்துவிட்டார். இறப்பதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து ஹாரிங்டன் என்பவர் பக்கம் பக்கமாக எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டுதான் ஒக்ராண்ட் வேலை செய்தார். பேச ஆளில்லாமல் போன மொழியின் எலும்புகளை அடுக்கிப் பழகிய கை, ஏழே ஆண்டுகளில் இல்லாத மக்களுக்கு மொழி செய்தது. கிளிங்கானுக்கு உலகமெங்கும் மாணவர்கள் கிடைத்தார்கள். முட்சுன் மக்களின் வழிவந்தவர்கள் பின்னால் ஹாரிங்டன் குறிப்புகளையும் ஒக்ராண்டின் ஆய்வேட்டையும் வைத்துக்கொண்டு பாட்டியின் மொழியை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அதே ஆசிரியர்தான், வேறொரு புத்தகத்தில்.

பெர்க்லியில் மொழியியல் துறையைத் தோற்றுவித்தவர் எமனோ. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர் அவர்தான். உரசொலிகளும் அதிரொலிகளும் அடர்ந்த தோடர் மொழியைக் கேட்ட பிறகு, மலைக்காரர்களுக்கென்று விநோதமான ஒலிகளை எவரும் புனைய வேண்டியதில்லை என்று தோன்றும்.

எங்கள் மலைக்கு வருகிறேன். கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டு ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று ஊர்கள். இங்கே வாழும் பழங்குடியினருக்கு அரசு ஆவணத்தில் மலையாளி என்று பெயர். மலையில் இருப்பவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது, பேசுவது தமிழ். இதை விளக்கி விளக்கியே அவர்களுக்கு அலுத்துப் போயிருக்கும். சான்றிதழுக்காகச் சமவெளி அலுவலகங்களுக்கு வந்தால் 'மலையாளமா பேசுவீங்க?' என்ற கேள்வி இன்னும் வருகிறது என்று அங்குள்ள ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒருமுறை வெள்ளிமலைப் பேருந்தில், கடுக்காய் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெளியூரிலிருந்து அருவி பார்க்க வந்த கல்லூரிப் பையன்கள். ஒருவன் நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்: "ஆயா, உங்க மலை பாஷையில ரெண்டு வார்த்த பேசிக் காட்டுங்களேன்." கையில் செல்போனைப் பதிவுக்குத் தயாராக வைத்திருந்தான். கிழவி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதத்தான சாமி பேசிகிட்டு வரேன் இம்மா நேரமா." பையன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கு ஏமாற்றம். குற்றம் அவனுடையது அல்ல. மலைக்குப் போனால் புரியாத பாஷை கேட்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. இலை கட்டிக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஆடும் கூட்டம், தலையில் இறகு வைத்த மூப்பன், நகைச்சுவை நடிகரைக் கட்டிப்போட்டு அவர்கள் போடும் உளறல் கூச்சல் என்று எத்தனை தமிழ்ப் படங்களில் பார்த்திருக்கிறோம். அந்த உளறலுக்கு இலக்கணம் எழுதிக் கௌரவப்படுத்தியதுதான் கிளிக்கி என்றுகூடச் சொல்லலாம். கார்க்கியின் உழைப்பை நான் மதிப்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலை மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையோ நேர் எதிர்த் திசையில் போகிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்பது பொதுக்கதை. எவர் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரின் மலையைப் பொறுத்து மாறும். கரிராமன் சாமி கூடவே வந்தார். காட்டில் முளைத்தவர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. நகரத்திலிருந்து மொழியோடும் சாமியோடும் வந்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர் இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மொழியைப் பற்றிய தன்மானம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்து 1976இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. அதுவரை மலையாளிகள் உழைப்பையும் வரியையும் செலுத்தியது, கட்டளை வாங்கியது, முறையிட்டது எல்லாமே தமிழில்தான்.

கூட்டத்துக்குக் கூட்டம் மொழி செய்வது புனைகதைக்காரர்களின் தனியுரிமையும் அல்ல. பவணந்தி குழூஉக்குறி என்று இதற்கு நன்னூலில் இடம் ஒதுக்கியிருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என உரைகள் எடுத்துக்காட்டும். கடைசி உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. குடித்தவன் சொல்லைக் கொட்டிவிடுவான் என்ற அனுபவம் பெயராகிவிட்டது. இந்தப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கடியில் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்கள். நான்கு பேர் நடுவில் நின்றுகொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு பேரம் முடிந்துவிடும். அதிலும் எண் இருந்தது, மறுப்பு இருந்தது, கெஞ்சல் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பேசிய 'க' பாஷையை நினைத்துக்கொள்கிறேன். 'நான் வந்தேன்' என்பது 'கநான் கவந்கதேன்' ஆகும். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு 'க'. ஆனால் 'ன்', 'ந்' ஆகியவற்றுக்கு முன்னால் போட மாட்டோம். புள்ளி எழுத்து முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, பிசகியவனைக் கேலி செய்வதோடு பாடம் முடிந்துவிடும். யாப்பில் அசை பிரிக்கும்போதும் ஒற்றெழுத்து தனித்து நிற்காது, முன்னதோடு சேர்ந்துகொள்ளும். தமிழாசிரியர் பலகையில் எழுதி வகுப்பையே அழவைத்த விதியை அதே பிள்ளைகள் இடைவேளையில் மாமரத்தடியில் பிழையில்லாமல் கையாண்டார்கள். கிளிக்கிக்கும் தொடக்கம் குழந்தைகள்தான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. அந்தச் சிறு மொழிகளை எதிரிக்காக யாரும் செய்யவில்லை. பேசுகிறவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டார்கள்.

கல்வராயன் மலையை வைத்து நாளைக்கு ஒருவர் பெரிய கற்பனை நாவல் எழுதலாம். சோழர் காலத்து மலையமானையும் உள்ளே கொண்டுவரலாம், தடையில்லை. அப்போது மலையமானுக்குக் 'குடுத்தேன்' என்ற தமிழையும் மலைக்காரிக்கு அவளுடைய தமிழையும் தர அவருக்குத் துணிச்சல் வேண்டும். இரண்டாவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, காதும் வேண்டும். கரிராமன் கதையும் அண்ணன் தம்பி கதையும் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நிகழ்ச்சிகள் சரியாகவே இருக்கின்றன. சொன்னவர் எந்த இடத்தில் சிரித்தார், எந்தச் சொல்லை இழுத்தார், 'அண்ணன்' என்பதற்கு முன்னால் எந்தச் சாமியைக் கூப்பிட்டார் என்பது அந்த ஏட்டில் இல்லை. நாவலாசிரியருக்கு வேண்டியது அதுதான். அதற்கு அவர் மேலே ஏறிப்போய்ச் சாமை குத்துகிற வீட்டு வாசலில் சில மாதங்களாவது உட்கார வேண்டியிருக்கும்.